மேனேஜரின் முழங்கை அளவு

அந்த வீட்டில் ஒரு வேளைகூட அடுப்பைப் பற்றவைத்தறியாத ஒரே ஆள்தான் சமையலறையை இடித்துக் கட்டினார்.

தெருவில் அவரை மேனேஜர் என்பார்கள். அவர் மேனேஜராக இருந்ததே இல்லை. கப்பல் சரக்குகளுக்குக் காப்பீடு செய்யும் ஓர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் உதவி மேனேஜராக இருந்து, உதவி மேனேஜராகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். ஓய்வு பெற்ற வாரத்தில் வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை செய்தார். பலகை சின்னது, இரண்டு வார்த்தைக்கு இடமில்லை என்று சொல்லி முதல் வார்த்தையை விட்டுவிட்டார். பலகை சின்னதுதான். அந்த அளவில் செய்யச் சொன்னவரும் அவர்தான் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

மனைவியைத் தெருவில் சாப்பாட்டக்கா என்று அழைப்பார்கள். அந்தப் பெயரில் ஒரு வார்த்தையும் விட்டுப்போகவில்லை. பன்னிரண்டு வருடமாக, அடுத்த தெருவில் இருக்கும் நர்ஸுகள் விடுதிக்கு அவர்தான் மதியச் சாப்பாடு அனுப்புகிறார். இருபத்திரண்டு கேரியர்கள். பதினொன்றரைக்கு வேன் வரும். பன்னிரண்டு வருடத்தில் அந்த வேன் வாசலில் காத்து நின்றது இரண்டு முறைதான், அதில் ஒரு முறை டயர் பஞ்சர். விடுதிப் பெண்கள் வேலை முடிந்து போகும் வழியில் ஜன்னல் பக்கம் நின்று, "சாப்பாட்டக்கா, இன்னைக்கு உப்பு கரெக்ட்டு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வரிக்காகவே மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க அவருக்கு அலுப்பு வந்ததில்லை.

சாப்பாட்டக்கா நாலடி ஒன்பது அங்குலம். வீடு கட்டியபோது கொத்தனார் கையில் மிஞ்சியிருந்த கல்லை வைத்து மேடையைத் தாழ்வாகக் கட்டிவிட்டார். கொத்தனாரின் சோம்பேறித்தனம் அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் அமைந்துவிட்டது. சுவர் கறுத்துப்போன, வெளிச்சம் குறைந்த அறைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் உப்பு வரும், இன்னும் கொஞ்சம் நீட்டினால் மிளகாய்த்தூள் வரும். ஜன்னலுக்கு மேலே புகையை இழுக்கும் விசிறி ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

மேனேஜருக்கு அந்தச் சத்தம் ஆகாது. சத்தத்தைவிட, அந்த வேன் ஆகாது. ஓய்வு பெற்ற அதிகாரியின் வாசலில் தினமும் ஒரு சோற்று வண்டி வந்து நிற்கிறது என்பார். அவர் அலுவலகத்தில் இருந்த காலத்தில் அந்த வண்டி அவர் கண்ணில் படவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் அவர் செய்த வேலை என்னவென்று சாப்பாட்டக்காவுக்கு ஒருநாளும் சரியாகப் புரிந்ததில்லை. அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டு வேலைதான். கோப்புகளில் கையெழுத்துப் போடுவது. பிடிக்காத கோப்புகளின் ஓரத்தில் 'மீண்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவது. ஒரு முறை, ஒரு குமாஸ்தா தான் போட்ட கையெழுத்தைத் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டானாம். அவனை மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்த கதையை மேனேஜர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "கையெழுத்துப் போட்டா போட்டதுதான். அப்புறம் மனுஷன் பேச்சு எடுபடாது," என்று சொல்லி முடிப்பார். அந்த அலுவலகத்தில் பச்சை மையில் எழுதும் உரிமை ஜெனரல் மேனேஜர் ஒருவருக்குத்தான். ஓய்வு பெற்ற மறுநாள் நம் மேனேஜர் கடைக்குப் போய் முதலில் வாங்கியது ஒரு புட்டி பச்சை மை. அதிலிருந்து பால் அட்டை, கேஸ் ரசீது, கிழித்த காலண்டர் தாள் எல்லாவற்றிலும் பச்சைக் கையெழுத்துத்தான்.

அவருடைய சமையலறை ஆசை எங்கிருந்து வந்தது என்பதும் சாப்பாட்டக்காவுக்குத் தெரியும். அதுவும் நூறு தடவை கேட்ட கதைதான். முப்பத்தோரு வயதில் மேனேஜர் ஓர் அலுவலகக் கோப்பை எடுத்துக்கொண்டு ஜெனரல் மேனேஜர் வீட்டுக்குப் போனார். வேலைக்காரர் அவரைப் பின்பக்கமாக அழைத்துப் போய்ச் சமையலறை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். பதினோரு நிமிடம் நின்றார். உட்காரச் சொல்ல ஆள் இல்லை, தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தில் அவர் பார்த்த காட்சி இருக்கிறதே! பாலாடை நிறத்தில் மர அலமாரிகள். பித்தளைக் குமிழ்கள். நீலப் பூப்போட்ட தட்டுகள் செங்குத்தாக நிற்கும் மரச்சட்டம். குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டி. "அதுதான் அசல் இங்கிலீஷ் கிச்சன்," என்பார். இங்கிலாந்தை அவர் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார்.

அவமானப்படுத்தப்பட்ட இடத்தையே ஒருவர் இப்படி ஆயுள் முழுக்க ஆசையோடு நினைத்துக்கொண்டிருக்க முடியுமா என்று சாப்பாட்டக்கா ஆரம்பத்தில் ஆச்சரியப்பட்டார். பிறகு அதற்கும் நேரமில்லாமல் போய்விட்டது.

ஒரு காலை, படங்கள் ஒட்டிய ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார் மேனேஜர். எல்லாம் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து வெட்டியவை. ஒவ்வொரு படத்தின் கீழும் பச்சைக் கையெழுத்து.

"பார்த்தியா?"

"பார்த்தேன். இதுல அடுப்பு எங்க இருக்கு?"

"அது உள்ள இருக்கும். வெளிய தெரியாது. அதான் டிசைன்."

"புகை?"

"இங்கிலீஷ்காரங்க வீட்ல புகையே வராது."

"அப்ப அவங்க எதை வதக்குவாங்க?"

மேனேஜர் நோட்டை மூடினார். "உன்கிட்ட காட்டுனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மறுவாரமே தச்சர் வந்தார். வேலை தெரிந்தவர், ஆனால் யார் காசு கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம் லேசாகச் சாய்ந்தே நிற்கும் சுபாவம். சாப்பாட்டக்கா பின்கட்டில் கேரியர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அக்காவக் கூப்பிடுங்க சார். அளவு எடுக்கணும்."

"எதுக்கு? அளவெல்லாம் நோட்ல இருக்கே."

"அது படத்து அளவு சார். சட்டை தைக்கிறவன் உடம்ப அளக்குறான்ல, அது மாதிரிதான் இதுவும். யாரு நின்னு சமைக்கிறாங்களோ, அவங்க முழங்கையிலேர்ந்து ஒரு சாண் கீழ மேடை நிக்கணும். இல்லன்னா ஒரே வருஷத்துல தோள்பட்டை போயிடும்."

சாப்பாட்டக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். வாசலில் வந்து நின்றபோது மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான் சார் இருக்கும்."

"அப்ப எனக்கு எடு."

தச்சர் தலையைச் சொறிந்தார். "நீங்க சமைப்பீங்களா சார்?"

"அது உனக்குத் தேவையில்லாத கேள்வி."

"என்னங்க," என்றார் சாப்பாட்டக்கா. "முழங்கை எனக்கும் இருக்கு. ரெண்டு இருக்கு."

"நீ போய் உன் வேலையப் பாரு. இது டிசைன் விஷயம்."

மேனேஜர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேடை இருந்த சுவரை ஒட்டி நின்றார். அவர் ஐந்தடி பத்து. முழங்கையை மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, புகைப்படத்துக்கு நிற்பவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டார். தச்சர் முழங்கையிலிருந்து சாணை இறக்கிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோட்டைப் பார்த்தார், சாப்பாட்டக்காவின் உயரத்தைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். அது சாப்பாட்டக்காவின் முழங்கைக்கும் மேலே நின்றது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். இந்தக் கோட்டுப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு என்னை யாரும் கேக்கக் கூடாது பாருங்க."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். சுவரில் கையெழுத்துக் கேட்ட முதல் ஆள் இந்தத் தச்சர்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பச்சை மையில், தேதியோடு, 'என் அளவு' என்று எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டார். கீழே இரண்டு புள்ளியும் வைத்தார்.

ஐந்து வாரம் வேலை நடந்தது. அந்த ஐந்து வாரமும் சாப்பாட்டக்கா தங்கையின் வீட்டில் சமைத்தார். ஒரே அறையும் ஒரு நடையும் கொண்ட வாடகை வீடு அது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இருபத்திரண்டு கேரியர் நிரப்பினார்கள். தங்கைக்கு வாய் நீளம்.

"ஏன்க்கா, மாமாவோட அளவுக்குன்னா நீ எப்படி நின்னு சமைப்ப?"

"ஸ்டூல் போட்டுக்கச் சொல்றாரு."

"ஸ்டூல் எதுக்கு? அவரையே குப்புறப் படுக்கச் சொல்லி மேல ஏறி நின்னுக்க. அதுக்காவது ஆவாரு."

நான்காவது வாரம் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, நடையில் புகை அடைகிறது, இந்த மாதத்தோடு சரி என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். விடுதி வார்டனும் வேன் டிரைவரிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். இரண்டு நாள் சாப்பாடு தாமதம், ஒரு நாள் மூன்று கேரியர் குறைவு. ஒன்றாம் தேதியிலிருந்து பழையபடி நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார். சாப்பாட்டக்கா அந்தச் சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருட உழைப்பு இப்போது அந்த ஒன்றாம் தேதியை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது.

சமையலறை முடிந்தது. பார்க்க அழகாக இல்லை என்று சொன்னால் பொய். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பண்டம் மாதிரி இருந்தது. பாலாடை நிற அலமாரிகள், முப்பத்தோரு பித்தளைக் குமிழ்கள், கோப்பைகளை மாட்ட வரிசையாகக் கொக்கிகள். மரச்சட்டத்தில் பன்னிரண்டு நீலத் தட்டுகள். அவற்றில் யாரும் சாப்பிடக் கூடாது. அடுப்புக்கு மேலே பெரிய புகைக்கூண்டு ஒன்று இருந்தது. சாப்பாட்டக்கா அதற்குள் தலையை நீட்டிப் பார்த்தார். மேலே பலகையடித்து மூடியிருந்தது. படத்தில் இருந்ததே என்று வைத்ததாம், துவாரம் படத்தில் தெரியவில்லையாம். கடகடவென்று ஓடிய விசிறி படத்தில் இல்லை, அதனால் அதைக் கழற்றி அந்த ஓட்டையையும் பூசிவிட்டார்கள்.

பீங்கான் தொட்டி ஜன்னலைப் பார்த்து இருந்தது. "அங்க எல்லாம் தோட்டத்தப் பார்த்துக்கிட்டேதான் பாத்திரம் கழுவுவாங்க," என்றார் மேனேஜர். இங்கே ஜன்னலைத் திறந்தால் இரண்டு அடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவரும், அதில் இறங்கும் கழிவுக்குழாயும் தெரிந்தன.

முதல் நாள் சாப்பாட்டக்கா ஸ்டூல் மேல் ஏறித்தான் வெங்காயம் நறுக்கினார். ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு போய்க் கிளறினார், தள்ளிக்கொண்டு வந்து எடுத்தார். இறங்கி நின்றாலோ, வாணலி அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. கொதிக்கும் எண்ணெயை அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. தொட்டியின் அடியைக் கை எட்டவில்லை. எட்டிக் குனிந்தால் விளிம்பு வயிற்றை அழுத்தி முன்சேலை முழுக்க நனைந்தது. பத்து நிமிடத்தில் புகை கூண்டுக்குள் போய், வழியில்லாமல் திரும்பி வந்து, நீலத் தட்டுகளின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்தது. மூன்றாம் நாள், வடிதண்ணீரோடு பானையை இறக்கும்போது ஸ்டூல் சறுக்கியது. பானை போனது தரையில், தண்ணீர் விழுந்தது இடது மணிக்கட்டில்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மேனேஜர் முதலில் பார்த்தது அலமாரிக் கதவைத்தான்.

"பெயிண்ட் உரிஞ்சிருக்கா பாரு!"

சாப்பாட்டக்கா கையைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

மேனேஜருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். சாயங்காலம் குரலைத் தாழ்த்திப் பேசினார். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. இது அந்த மாதிரி அண்டா குண்டா தூக்குற கிச்சன் கிடையாது. ரெண்டு பேருக்குத் தேவையானது பண்ணிட்டு நிம்மதியா இரு. அந்தக் கேரியர் வேலைய விட்டுடு. உனக்கும் வயசாகுது."

"ஒண்ணாம் தேதி அனுப்பறேன்னு சொல்லியாச்சுங்க."

"ஒண்ணாம் தேதியா?" மேனேஜர் எழுந்தே விட்டார். "அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கக் கூடாது! அன்னைக்கு யார் வர்றாங்க தெரியுமா?"

ஜெனரல் மேனேஜர் வருகிறார். மூன்று கடிதம் எழுதி, இரண்டு முறை தொலைபேசியில் கெஞ்சி வரவழைத்திருந்தார். அந்த மனிதருக்கு எண்பது தாண்டிவிட்டது. பதினோரு மணிக்கு வந்து, கிச்சனைப் பார்த்துவிட்டு, நீலக் கோப்பையில் தேநீர் குடித்துவிட்டுப் போவார். வெங்காய வாசனை பேருக்குக்கூட வரக் கூடாது.

"டீ எங்க போடுறது?" என்றார் சாப்பாட்டக்கா.

"கடையில வாங்கி ஃபிளாஸ்க்ல வெச்சுக்கலாம்."

முப்பதாம் தேதி சாப்பாட்டக்கா மேனேஜரின் ஆபீஸ் ரூமைப் பெருக்கப் போனார். பின்கட்டை ஒட்டிய அறை. இரண்டு பக்கமும் ஜன்னல், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். நடுவில் ஒரு பெரிய மேஜை. அலுவலகத்தில் பழைய சாமான்களைக் கழித்தபோது, ஜெனரல் மேனேஜரின் மேஜை என்று தேடி வாங்கி வந்தது. அதன் மேல் ஒரு பச்சை மைப்புட்டியும், ஒரு காலண்டரும், ஓர் அழைப்பு மணியும் இருந்தன. மணியை அடித்தால் வருவதற்கு ஆள் கிடையாது. ஆனாலும் தினமும் ஒரு முறை அடித்துப் பார்ப்பார்.

மேஜையைத் துடைக்கும்போது அவர் கை அப்படியே நின்றது. துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். முழங்கையை மடக்கினார். மறு கையால் முழங்கையிலிருந்து சாண் போட்டார். சுண்டுவிரல் மேஜைக்கு ஓரங்குலம் மேலே நின்றது. பின்கட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய மேடைக் கல் எத்தனை கனம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஓரங்குலம்.

ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு மேனேஜர் சவரம் செய்துகொள்ளவும், பூவும் கேக்கும் தேநீரும் வாங்கவும் கிளம்பிப் போனார். ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குத் தங்கை வந்துவிட்டாள். கூடவே தச்சரும் வந்தார். ஆடிக்கொண்டிருந்த ஒரு குமிழை விருந்தாளி வருமுன் முடுக்கிவைக்க மேனேஜரே வரச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, குமிழ் கிடக்கட்டும். இந்தக் கல்ல ஒரு பக்கம் பிடிங்க," என்றாள் தங்கை.

தச்சர் கல்லைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், சாப்பாட்டக்காவின் கட்டுப்போட்ட மணிக்கட்டைப் பார்த்தார். மூவருமாகக் கல்லைத் தூக்கி மேஜை மேல் வைத்தார்கள். மேஜையின் ஒரு கால் ஆடியது. தச்சர் அதற்கு ஆப்பு அடித்தார். சிலிண்டரை உருட்டி வந்தார்கள், பழைய அடுப்பைக் கல்லின் மேல் வைத்தார்கள், குழாயைத் தச்சரே இரண்டு முறை சோதித்துப் பார்த்தார். பிறகு, செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுபவர் போல, "முழங்கைய மடக்குங்கக்கா," என்று சாண் போட்டார். விரல் கல்லின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தது.

"கையெழுத்துப் போடணுமா அண்ணே?" என்றார் சாப்பாட்டக்கா.

"உங்ககிட்ட வேண்டாம்க்கா. அந்தாளுகிட்ட வாங்குனது பத்திரமா இருக்கு. தொட்டிக்குப் பக்கத்து அலமாரி இருக்குல்ல, அதுக்குள்ள சுவருக்கு நான் பெயிண்டே அடிக்கல."

மேனேஜர் திரும்பி வரும்போது பத்தே முக்கால். ஆபீஸ் ரூம் கதவு சாத்தியிருந்தது. சமையலறை பளபளவென்று, ஈ காக்கை இல்லாமல் இருந்தது. மனைவி சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டார் என்று மேனேஜர் திருப்திப்பட்டார். ஃபிளாஸ்கைத் தூக்கிக் கொக்கிகளுக்குக் கீழே வைத்தார். பூவைத் தண்ணீரில் போட்டார். அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

ஜெனரல் மேனேஜர் கைத்தடியோடு இறங்கினார். வாசல் பலகையைப் படித்தார். எதிரில் கைகட்டி நிற்பவரைப் பார்த்தார்.

"நீங்க... நஷ்டஈடு செக்‌ஷன்தானே?"

"இல்ல சார். கப்பல் சரக்கு சார். பத்தொன்பது வருஷம் சார்."

"ஓ," என்றார் அவர். அவ்வளவுதான்.

மேனேஜர் அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். ஜெனரல் மேனேஜர் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. மரச்சாமான் கடையா? வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"இல்ல சார், கிச்சன் சார்! உங்க வீட்டுக் கிச்சன் சார்!" மேனேஜரின் குரல் கீச்சிட்டது. அந்தப் பதினோரு நிமிடத்தைச் சொன்னார். எடுத்துப் போன கோப்பைச் சொன்னார், தட்டுகளைச் சொன்னார், தொட்டியைச் சொன்னார். முப்பது வருடமாக மனதில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

ஜெனரல் மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "ஓ, அந்த வீடா. அது கம்பெனி பிடிச்சுக் குடுத்த வாடகை வீடுய்யா. அதுக்கு முன்னாடி யாரோ வெள்ளைக்காரன் இருந்தான். அவன் விட்டுட்டுப் போன அலமாரி. என் சம்சாரம் தினம் திட்டுவா. கரையான் ஏறிடுச்சு, எல்லாத்தையும் பேத்துப் பின்னாடி போட்டு எரிச்சோம். ஒரு வாரம் வெந்நீர் போட்டோம் அதுல."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டக்காவுக்கு ஒரு கணம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம், முன்னால் நின்ற மனிதருக்காக மேனேஜர் நீலக் கோப்பையைக் கையில் எடுத்தது கண்ணில் பட்டது. மணிக்கட்டு எரிந்துகொண்டிருந்த அன்று அந்தக் கை அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. பாவம் போய்விட்டது. சாப்பாட்டக்கா ஆபீஸ் ரூமுக்குப் போய் வெங்காயத்தைப் புரட்டினார்.

ஜெனரல் மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். "அது என்ன வாசனை?"

"ஒண்ணுமில்ல சார், பக்கத்து வீடு."

"பக்கத்து வீடா? இந்தப் பக்கம்தானே வருது?" கைத்தடி டக்டக்கென்று நடையில் போனது. மேனேஜர் பின்னாலேயே ஓடினார். ஆபீஸ் ரூம் கதவைக் கைத்தடியே தள்ளியது.

உள்ளே அடுப்பின் இரண்டு பர்னரும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு ஜன்னலில் நுழைந்த காற்று புகையைத் தூக்கிக்கொண்டு மறு ஜன்னல் வழியாகப் போனது. கோப்பு அலமாரியின் தட்டுகளில் கேரியர்கள் வரிசையாக நின்றன. தங்கை மூடிக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி உப்பு ஜாடியின் மூடிமேல் பாரமாக உட்கார்ந்திருந்தது.

"இது என் மேஜை இல்ல?" என்றார் ஜெனரல் மேனேஜர். முதல் முறையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இதுக்கு ஒரு கால் ஆடுமே!"

"ஆப்பு அடிச்சாச்சு சார்," என்றார் சாப்பாட்டக்கா.

"பதினெட்டு வருஷம் ஆடிக்கிட்டே கிடந்துச்சு. ஒருத்தனும் அடிக்கல." மனிதர் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். "கொஞ்சம் கிடைக்குமாம்மா?"

கேரியர் மூடியில் போட்டுக் கொடுத்தார் சாப்பாட்டக்கா. நின்றுகொண்டே சாப்பிட்டார் ஜெனரல் மேனேஜர், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். வாசலில் ஃபிளாஸ்கும் கையுமாக நின்ற மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சாப்பிடலியா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பதினொன்று இருபதுக்குக் கார் போனது. பதினொன்றரைக்கு வேன் வந்தது. இருபத்திரண்டும் ஏறின.

வேன் தெரு முனை திரும்பிய பிறகு மேனேஜருக்குக் குரல் வந்தது.

"என் மேஜை! என் ஆபீஸ் ரூம்! யாரைக் கேட்டு வெச்ச? எல்லாத்தையும் இப்பவே எடுத்துக் கிச்சன்ல வை!"

"வாங்க," என்றார் சாப்பாட்டக்கா. முன்னால் நடந்து போய், பீங்கான் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தார். உள்ளே பெயிண்ட் படாத சுவரில் பென்சில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் பச்சை எழுத்து, தேதி, இரண்டு புள்ளி.

"இது யார் கையெழுத்து?"

மேனேஜர் குனிந்து அலமாரிக்குள் பார்த்தார்.

"'என் அளவு'ன்னு எழுதியிருக்கு. என் முழங்கை இதுக்கு எட்டாது. உங்களுக்குத்தான் தைச்சு வெச்ச மாதிரி இருக்கு. கையெழுத்துப் போட்டா போட்டதுதானே? அப்புறம் மனுஷன் பேச்சு எடுபடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

தங்கை நடையில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் காலிக் கேரியர்கள் திரும்பி வந்தன. கேரியருக்கு மூன்று அடுக்கு. சாப்பாட்டக்கா எல்லாவற்றையும் பீங்கான் தொட்டிக்குள் கொட்டிவிட்டு, தேய்க்கும் நாரைப் பித்தளைக் குமிழில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் சாயங்காலம் வரை ஹாலில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் சமாதானம் சொல்ல வரவில்லை, காப்பியும் வரவில்லை. அடுப்பு இருந்த அறைக்குப் போய்க் கேட்க வேண்டும். அதற்கு அவர் தன் மேஜைக்கு முன்னாலேயே போய் நிற்க வேண்டும்.

ஆறு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சாப்பாட்டக்கா எட்டிப் பார்த்தார். மேனேஜர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கழிவுக்குழாயைப் பார்த்தபடி தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகு ஒரு நூல்கூட வளையவில்லை. தச்சரின் அளவு அவ்வளவு கச்சிதம். ஆனால் தேய்த்த லட்சணம் வேறு. கழுவிக் கவிழ்த்ததில் ஒன்றை எடுத்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தார் சாப்பாட்டக்கா. பிசுக்கு அப்படியே இருந்தது.

அதைத் திரும்பத் தொட்டிக்குள் போட்டார்.

"மீண்டும்," என்றார்.